ஒன்பது பெட்டியும் ஒரு பச்சைச் சீட்டும்

"டீச்சர், இப்பதான் பெட்டியெல்லாம் அதுவே நெரப்பிருதே. அந்தக் காலத்துல நீங்க நாள் பூரா உக்காந்து என்னதான் செஞ்சீங்க?"

கேட்டவள் அபிநயா. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். 'அந்தக் காலம்' என்று அவள் இழுத்த இழுப்பைக் கேட்டால், நான் ஏதோ ஓலைச்சுவடியில் மென்பொருள் செய்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் ஓய்வுபெற்ற வாரத்தில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் இன்னும் பாதி ஜாடிகூடத் தீரவில்லை. அதற்குள் அந்தக் காலத்து ஆளாகிவிட்டேன். போகட்டும். கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது தென்காசிக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். நாங்கள் செய்த பொருளுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் 'பலகை' என்போம். ஒரு தொழிலைத் தொடங்கவோ மாற்றவோ நினைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து திட்டம் போடுவதற்கானது அது. திரையில் ஒன்பது பெட்டி இருக்கும். யாருக்கு விற்கிறோம், அவர்களுக்கு அதனால் என்ன நன்மை, எந்த வழியாகப் போய்ச் சேருகிறது, அவர்களை எப்படிக் கைவிடாமல் வைத்திருக்கிறோம், வரவு எங்கிருந்து, செலவு எதற்கு, கையில் என்ன இருக்கிறது, தினம் என்ன செய்கிறோம், கூட நிற்பவர்கள் யார். அவரவர் கைபேசியிலிருந்தே சின்னச் சின்னச் சீட்டு எழுதிப் பெட்டிக்குள் ஒட்டலாம். ஒருவர் புளியங்குடியில் இருப்பார், இன்னொருவர் துபாயில் இருப்பார். எல்லார் சீட்டும் அந்த நொடியே ஒரே பலகையில் வந்து நிற்கும்.

இதில் என் வேலை, பலகையை வாங்கியவர்களை அதில் எழுத வைப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும்.

அதற்கு முன்னால் தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சராக இருந்தேன். விரல் நோகத் தட்டச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தபோதே இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் சென்டராகிவிட்டது. வாசலில் பெயர்ப்பலகை மாறியது, டீச்சர் மாறவில்லை. பிறகு இந்த நிறுவனம் வந்தது. பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். மற்றவர் பிழையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அனுபவம் போதாதா என்று என் வீட்டுக்காரரே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினார். சேர்ந்ததும், டீச்சர்தானே என்று ஊர் ஊராகப் போய் எழுத வைக்கும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம்.

எங்கள் முதலாளி ஹரி சார் செங்கோட்டைக்காரர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். என்னை டீச்சர் என்பார், நான் சார் என்பேன். இரண்டு பேருமே மற்றவருக்குப் பயப்படுவது போல நடித்துக்கொள்வோம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் இது வேண்டும், அது வேண்டும் என்று யார் போய் நின்றாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"யாரு அழுதா?"

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கணக்கு இதுதான்: இந்த வசதி இல்லாமல் உண்மையிலேயே யாராவது மனம் நொந்தார்களா? நொந்தார்கள் என்றால் செய்வோம். உனக்குத் தோன்றியது என்பதற்காகவெல்லாம் செய்ய முடியாது. நொந்தவர் பெயர், ஊர், என்ன நடந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார். சில நாளில் அந்த வசதி பலகையில் வந்திருக்கும். அது நன்றாக அமைந்துவிட்டால் "கொள்ளாம்" என்பார். அவர் ஊர்ப் பக்கம் மலையாளக் காற்று அடிக்குமல்லவா, நல்லாருக்கு என்பதற்கு அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். அதையும் சும்மா சொல்லிவிட மாட்டார். தீபாவளி போனஸ்கூட அதைவிட அடிக்கடி வரும்.

முதலில் அழுதவர் ஒரு வியாபாரி. அழுதார் என்பதைவிடக் கொதித்தார் என்பதே சரி. அப்போது பலகையில் சீட்டெல்லாம் மஞ்சள் நிறம். உலகமெங்கும் அப்படித்தான் என்று எங்கள் பிள்ளைகள் அழகாகச் செய்து வைத்திருந்தார்கள். நான் போய் அவர் முன்னால் திரையைத் திறந்து, "இதுல உங்க தொழில எழுதுங்க அண்ணாச்சி" என்றேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, காலங்காத்தால வந்து எங்கையால மஞ்சக் கடுதாசி எழுதச் சொல்லுதியே, நீ நல்லாருப்பியா?"

கடன் தாளாமல் திவாலானவர் கொடுப்பதுதான் மஞ்சள் கடுதாசி என்பது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒன்பது பெட்டிக்குள்ளும் அதையே ஒட்டச் சொன்னால் யார்தான் ஒட்டுவார்? ஹரி சாரிடம் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலமே சீட்டு இளம்பச்சையாகிவிட்டது. அதே வியாபாரி அதற்கப்புறம் இரண்டு பலகை நிறைய எழுதினார்.

அடுத்து கடையநல்லூரில் ஒரு குடும்பம். அண்ணன் தம்பிகள் பாதிப் பேர் வளைகுடாவில், பாதிப் பேர் ஊரில். கூட்டாக ஒரு கடை போட வேண்டும். பலகையைத் திறந்ததும் பெரிய அண்ணன் 'துணிக்கடை' என்று ஒரு சீட்டு ஒட்டினார். சீட்டின் கீழே எழுதியவர் பெயர் வரும். பிறகு வரிசையாகச் சீட்டு விழுந்தது: 'அண்ணன் சொன்னதே', 'அதே', 'அதேதான்', 'அண்ணன் விருப்பம்'. கடைசித் தம்பிக்குச் செருப்புக்கடை ஆசை. எனக்குத் தனியாகப் போன் போட்டு, "அத எழுதிட்டு நான் பெருநாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன், டீச்சர்?" என்று குரல் கம்மச் சொன்னான். அவனுக்காகத்தான் 'திரை' வந்தது. திரை போட்டால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் எழுதி முடித்ததும் திறக்கும். திறந்த பிறகும் பெயர் வராது. எனக்கும் தெரியாது, ஹரி சாருக்கும் தெரியாது.

மூன்றாவது, இலத்தூர் மகளிர் குழு. தலைவி பேச்சியம்மாள் அக்கா. அருமையான மனுஷி, ஆனால் சுத்தம் என்றால் உயிர். குழுப் பெண்கள் பகலெல்லாம் யோசித்து அப்பள வியாபாரத்துக்குச் சீட்டு ஒட்டுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பலகை துடைத்துவைத்த மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளைகள் மென்பொருளில் கோளாறு என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் நானே நேரில் போனேன். பேச்சியம்மாள் அக்கா தானாகவே சொன்னாள்:

"நாந்தான் எடுத்தேன், அதுக்கென்ன? வெளக்கு வைக்க முன்னாடி தூத்துப் பெருக்காண்டாமா? அத்தன துண்டுச் சீட்டு செதறிக் கெடக்கு, லெச்சுமி எப்படி வருவா?"

அந்த மாதம் பலகையில் ஒரு பூட்டு வந்தது. ஒரு சீட்டை எழுதியவர் மட்டுமே எடுக்க முடியும். அடுத்தவர் எடுக்கப் பார்த்தால் சீட்டு துள்ளிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். கூடவே ஒரு வரி வரும். எங்கள் பிள்ளைகள் முதலில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். "இது என்ன சப் ஜெயிலா?" என்று சண்டை போட்டு, 'இது உங்கள் சீட்டு இல்லை. எழுதியவர்தான் எடுக்க முடியும்' என்று மாற்ற வைத்தேன். கூடவே ஒரு நடைமுறையும் வந்தது. சீட்டில் எழுதியது நடந்து முடிந்தால், எழுதியவரே அதை எடுத்துவிட வேண்டும். பலகை காலியானால் திட்டம் நிறைவேறியது என்று அர்த்தம். பேச்சியம்மாள் அக்காவுக்கும் இது பிடித்துப்போயிற்று. பலகை சுத்தமாக வேண்டுமா, சொன்னதைச் செய்யுங்கடி என்று எல்லாரையும் விரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது புளியங்குடிக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தார். விவசாயிகள் மூட்டை கொண்டு வருவார்கள். இவர் ஏலம் போட்டு, தரம் பிரித்து, லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்புவார். அதிகாலை மூன்று மணிக்கு மண்டி திறக்கும். திறப்பது அண்ணாச்சி. ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டினால் அது எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. நான் சோதித்துப் பார்த்ததில்லை. சொன்னால் சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் அங்கே ஆள் இருந்தார்களே தவிர, சரிபார்க்க ஆள் இல்லை.

அவருக்கு ஒரே மகன் ராஜா, ராணுவத்தில். மருமகள் சுகன்யா. படித்த பெண், வாய் குறைவு, வேலை அதிகம். தரம் பிரித்த பழத்தைப் பெட்டியில் அடுக்கி நேராக ஓட்டல்களுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்ற யோசனை அவளுடையது. அதைச் சொல்லி, கெஞ்சி, மண்டியில் ஒரு மேசை நாற்காலி வாங்கி உட்கார்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த மண்டியில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சியின் தம்பி பரமசிவத்துக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. அண்ணாச்சி தலையாட்டிவிட்டார் என்பதற்காகப் பேசாமல் இருந்தார். நல்ல மனிதர். அண்ணன் மேல் உயிர். அந்த உயிரைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருப்பார், அவ்வளவுதான்.

பலகை வேலையைக் குற்றாலத்தில் வைத்துக்கொண்டோம். மண்டிக்காரர்களை அவர்கள் கடையிலேயே உட்கார வைத்தால் போன் விடாது. குற்றாலம் என்றால் வந்துவிடுவார்கள். அதற்கும் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் குளியல், பிறகு இட்லி, அதன் பிறகே பலகை. குளிக்காமல் உட்கார வைத்தால் பாதியில் ஒவ்வொருவராக 'இந்தா வாரேன்' என்று சொல்லிவிட்டு அருவிக்கு ஓடிவிடுவார்கள். துண்டு மட்டும் நாற்காலியில் இருக்கும். குளித்துவிட்டு வந்தவர்களிடமும் கை துடைக்கத் துணி கொடுக்க வேண்டும். ஈர விரலைக் கைபேசி மதிக்காது. தலையில் எண்ணெய் மிச்சம் இருந்தால் திரையெல்லாம் வழுக்கும். இதெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடையாது, அபிநயா. எழுதிக்கொள்.

சீசன் நேரம். சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒரு லாட்ஜின் மேல்மாடிக் கூடம். பரமசிவம் குளித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தார். கணக்கு பார்க்கும் காதர் பாய் கடையநல்லூரிலிருந்து நேரே வந்து குளித்து, தலைதுவட்டி, அத்தரும் போட்டுக்கொண்டு வந்தார். சுகன்யா குளிக்கப் போகவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பலகையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ராஜா அவனுடைய முகாமிலிருந்து வீடியோவில் வந்தான். ஹரி சார் வழக்கம்போல ஒரு மூலையில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தார். முதலாளி என்று தெரிந்தால் எல்லாரும் விறைத்துக்கொள்வார்கள், டீ கொடுக்கிறவன் முன்னால் முகம் உள்ளபடி இருக்கும் என்பது அவர் கட்சி.

அண்ணாச்சியும் குளிக்கப் போகவில்லை. வந்ததும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"டீச்சர், சத்தம் காட்டாதீங்க," என்றார் பரமசிவம். "அண்ணாச்சி கண்ண மூடுனா கணக்குப் போடுதாங்கன்னு அர்த்தம்."

கணக்கு கொஞ்சம் மூக்கு வழியாகவும் வந்தது.

முதல் சுற்று திரையில்லாமல். சீட்டுகள் விழுந்தன. கையில் என்ன இருக்கிறது? 'அண்ணாச்சி.' வாடிக்கையாளரை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறோம்? 'அண்ணாச்சி முகத்துக்காக வருதாங்க.' தினம் என்ன செய்கிறோம்? 'அண்ணாச்சி மூணு மணிக்கு மண்டி திறப்பாங்க.' கூட நிற்பவர்கள் யார்? 'எல்லாரும் அண்ணாச்சிக்குப் பழக்கம்.' வரவு எங்கிருந்து? காதர் பாய் அதிலும், 'இறைவன் அருளால், முதலாளி மூலமாக' என்று எழுதியிருந்தார். செலவுப் பெட்டியில் மட்டும் லாரி வாடகை இருந்தது. ஒன்பது பெட்டியில் எட்டில் ஒரே மனிதர். அவரோ சுவரோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றுக்குத் திரையைப் போட்டேன். "இந்தத் தொழில் நிலைக்கணும்னா எது மாறணும்? பேர் வராது. மனசுல உள்ளத எழுதுங்க." அண்ணாச்சியும் ஒரு கண்ணைத் திறந்து கைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைப் பார்த்து, பாவம், இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரை திறந்ததும் சீட்டுகளை நான்தான் வாசிப்பேன். ராகம் போடாமல் வாசிக்க வேண்டும் என்பது ஹரி சாரின் கட்டளை. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல எல்லாவற்றுக்கும் ஒரே குரல். 'அட்டைப்பெட்டி வேண்டும்.' 'குளிர்சாதன லாரி.' 'ஜூஸ் கடை ஆர்டரை போனில் எடுக்கணும்.' அடுத்ததையும் அதே குரலில் வாசித்துவிட்டேன்.

"அண்ணாச்சி இல்லாமலும் நடக்கும் தொழிலாக இது மாற வேண்டும்."

வாசித்து முடித்த பிறகுதான் நான் என்ன வாசித்தேன் என்பது எனக்கே உறைத்தது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி கண்ணை மூடியே இருந்தார்.

பரமசிவம் எழுந்தார். "எவம்லே எழுதுனது?"

"யாருன்னு கேக்கக் கூடாது அண்ணே," என்றேன். "அதான் முறை."

"என்ன முற? எங்க அண்ணாச்சி இருக்கையில, அவுக இல்லாமன்னு எழுதுதான். நான் கேக்கக் கூடாதா? கம்ப்யூட்டருக்குத் தெரியும்லா? கேட்டுச் சொல்லுங்க."

"தெரியும். ஆனா அது சொல்லாது."

அவர் பலகையைத் திரும்ப வாசித்தார். பிறகு மெதுவாகச் சுகன்யா பக்கம் திரும்பினார். "'மாற வேண்டும்'. இங்கன யாரு 'வேண்டும்'னு எழுதுவா? நானா, பாயா? படிச்சவ நீ ஒருத்திதான இருக்க."

"நான் எழுதல மாமா," என்றாள் சுகன்யா. "நான் எழுதியிருந்தா மாமான்னுல்லா எழுதியிருப்பேன்."

"மறைக்கதுக்குத்தான் அண்ணாச்சின்னு போட்டிருக்க! நாற்காலி குடுத்தா, குடுத்தவுகளையே எந்திக்கச் சொல்லுவியா?"

வீடியோவில் ராஜா, "சித்தப்பா, சித்தப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை. ஹரி சார் டீயோடு இடையில் புகப் பார்த்தார். "நீ டீய வச்சிட்டு வெளிய நில்லு தம்பி, இது குடும்ப விசயம்" என்று பரமசிவம் அவரை அனுப்பிவிட்டார். எங்கள் முதலாளி டீயை வைத்துவிட்டு வெளியே நின்றார்.

"எழுதுனத நீயே அழி," என்றார் பரமசிவம் சுகன்யாவிடம். "அழிச்சிட்டு அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேளு. இல்ல, நாளையிலருந்து மண்டிப் பக்கம் வராத. அந்த மேசையத் தூக்கி வெளிய போட்டுருவேன்."

அந்தப் பெண்ணுக்கு அந்த மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். முறை, முறை என்று நான் கொண்டுவந்த திரைதான் அவளை இப்படி மாட்டிவிட்டிருக்கிறது.

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சண்ட வேண்டாம் மாமா. நான் எழுதல. ஆனாலும் அழிச்சிருதேன்," என்று சொல்லி, கைபேசியில் அந்தச் சீட்டைப் பிடித்து இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சீட்டு துள்ளிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. கூடத்துத் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'இது உங்கள் சீட்டு இல்லை. எழுதியவர்தான் எடுக்க முடியும்.'

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பூட்டு அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை. பேச்சியம்மாள் அக்கா புண்ணியவதி.

பரமசிவம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெட்டு சரியில்ல," என்றார். "மறுபடி போடு." மறுபடி போட்டாள். மறுபடி துள்ளியது. "மழையில டவரு கெடைக்காது" என்று தன் கைபேசியை எடுத்து அவரே இழுத்தார். 'இது உங்கள் சீட்டு இல்லை.' காதர் பாயைப் பார்த்தார். பாய், "அல்லா மேல ஆணையா நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். துள்ளியது. வீடியோவில் ராஜா, "எனக்கும் போக மாட்டேங்குது சித்தப்பா" என்றான்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், ஆறிப்போன டீயைப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த நாற்காலியை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பெரியவரிடம் போய் 'நீங்களும் ஒரு தடவ இழுத்துப் பாருங்க' என்று சொல்ல அங்கே யாருக்குத் தைரியம் வரும்?

"என்னலே பரமசிவம்," என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே. "எல்லாரும் இழுத்துப் பாத்தாச்சா? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே?"

பரமசிவம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி..."

"நான் தொட்டா அது போயிரும். அதான் தொட மாட்டேங்கேன். டீச்சர் என்ன சொன்னாவ? நடந்து முடிஞ்ச பொறவு எடுக்கணும்னு சொன்னாவல்லா? நடக்கட்டும், எடுக்கேன்."

"நாங்க என்ன கொற வச்சோம் அண்ணாச்சி?" பரமசிவம் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கொற ஒண்ணும் இல்லலே. தூக்கம்." அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரு நாளாவது ஏழு மணி வரைக்கும் தூங்கணும். வெளிச்சம் வந்த பொறவு எந்திச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும். கல்யாணத்துக்கு மறுநாளுங்கூட மூணு மணிக்குத்தாம்லே எந்திச்சேன்."

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. ஒருக்கச் சொன்னேன், நீ தைலம் வாங்கிட்டு வந்த. இன்னொருக்கச் சொன்னேன், தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்த. அதுக்குப் பொறவு எவன் சொல்லுவான்?"

முதலில் சிரித்தது காதர் பாய். பிறகு வீடியோவில் ராஜா. சுகன்யா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே கதிதான். அண்ணாச்சியின் கையெழுத்தைப் பார்த்தவர்கள் உண்டு, அவர் ஒரு வாக்கியம் எழுதி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த 'வேண்டும்' அத்தனை வருடமும் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

இனி பரமசிவம் சுகன்யாவிடம் என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் சின்ன மாமனார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் துண்டை உதறினார். பிறகு தன் முன்னால் இருந்த டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எம்மா, டீ ஆறுது பாரு. குடி."

"நாளைக்கு மண்டிக்கு வரலாமா மாமா?" என்றாள் அவள். அந்தப் பெண்ணுக்கும் வாய் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வராம? நீ வரலைன்னா லாரிக்காரன்ட்ட யாரு மல்லுக்கட்டுவா? அந்த மேச கொஞ்சம் சின்னதா இருக்கு, பெருசா ஒண்ணு பாப்போம்," என்றார் அவளைப் பார்க்காமல்.

சாப்பாட்டுக்குப் பிறகு பலகையை முதலிலிருந்து போட்டோம். எட்டுப் பெட்டியிலிருந்தும் அண்ணாச்சியை இறக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் வைக்க வேண்டும். மூன்று மணிக்கு மண்டி திறப்பது யார் என்ற சீட்டு வந்ததும் கூடத்தில் மறுபடி எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் பரமசிவம், "சரி, என் பேரப் போடுங்க. இதுக்குத்தான் அன்னைக்கே எங்கம்மா என்ன ரெண்டாவதாப் பெத்தா போல" என்றார். ஓட்டல், ஜூஸ் கடை, லாரி மூன்றும் சுகன்யா பெயரில் விழுந்தன. அண்ணாச்சி பத்து மணிக்கு வந்து டீ குடித்துக் குற்றம் கண்டுபிடிப்பது என்று தீர்மானமாயிற்று. அதை அவரே எழுதி ஒட்டினார்.

அறைக்கு வெளியே ஹரி சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்ப் பாத்திரம் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வழக்கமான கேள்வியை அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அடுத்த வாரமே பரமசிவத்திடமிருந்து போன்.

"டீச்சர், மூணு மணிக்கு நான் ஷட்டரத் தூக்குதேன், பின்னால அண்ணாச்சி நிக்காங்க. முழிப்பு வந்துட்டாம். போகச் சொன்னா, 'நான் ஒண்ணுஞ் செய்யல, சும்மா நிக்கேன்'னு சொல்லுதாங்க. சும்மா நிக்கிற ஆளு எல்லா மூட்டையையும் தொட்டுப் பாக்காங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் என்ன சொல்ல முடியும்? தூங்க வைக்கும் வசதி பலகையில் கிடையாது. ஹரி சாரிடம் சொன்னதற்கு, அது நம்ம கையில இல்ல டீச்சர் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மாதங்கள் போயின. புளியங்குடிப் பலகையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அட்டைப்பெட்டி வந்தது, பரமசிவம் தன் சீட்டை எடுத்தார். போன் ஆர்டர் ஓடியது, சுகன்யா எடுத்தாள். காதர் பாயும் இறைவனுக்கு நன்றி சொல்லி எடுத்தார். மூன்று மணிக்கே வந்து குற்றம் கண்டுபிடித்தாயிற்று என்று அண்ணாச்சியும் தன் பத்து மணிச் சீட்டை எடுத்தார். கடைசியில் பலகை முழுக்க வெறுமையாக, நடுவில் அந்த ஒரு பச்சைச் சீட்டு மட்டும் இருந்தது. அதை நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன். வேலை இல்லாத நேரத்தில் என்றுதான் சொல்ல ஆசை. வேலை இருந்த நேரத்திலும் பார்த்தேன்.

நான் ஓய்வுபெறும் வாரத்தில் பழைய பலகைகளையெல்லாம் புதியதற்கு மாற்றினார்கள். அபிநயா சொன்னாளே, பெட்டியைத் தானே நிரப்பும் பலகை, அதற்கு. அவள் விளையாட்டாக எலுமிச்சை மண்டி என்று கொடுத்துப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் ஒன்பது பெட்டியும் நிரம்பிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பாவம், அதற்கு மூன்று மணிக்கு எழுந்து பழக்கமில்லை.

பழைய பலகையில் சீட்டு மிச்சம் இருந்தால் எழுதியவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். ஊரெல்லாம் கேட்டு முடித்தாயிற்று, புளியங்குடி மட்டும் பாக்கி. கடைசி நாளன்று அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன். அண்ணாச்சி கோழி கூவுமுன் எழுகிற மனிதர்தானே என்று அங்கிருந்தே போன் போட்டேன். சுகன்யாதான் எடுத்தாள். நான் ஓய்வுபெறுவதைக் கேட்டதும் ஊறுகாய்க்கு ஒரு பை எலுமிச்சை அனுப்புவதாகச் சொன்னாள். பின்னால் லாரி சத்தமும் பரமசிவம் யாரையோ ஏசும் சத்தமும் கேட்டன. மண்டியிலிருந்து பேசுகிறாள்.

"அண்ணாச்சி பக்கத்துல இருக்காங்களா? ஒரு சீட்டு விசயம் கேக்கணும்," என்றேன்.

"மாமா வீட்டுல இருக்காங்க டீச்சர். இப்பதான் அத்தைக்குப் போன் போட்டேன். இன்னும் எந்திக்கலையாம். எழுப்பச் சொல்லவா?"

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஆகப் போகிறது.

"எம்மா, எழுப்பாத," என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஹரி சார் கையில் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரை என் மேசையில் வைத்தார்.

"யாரு அழுதா டீச்சர்?"

"நாந்தான் சார்."

"அண்ணாச்சி என்ன சொன்னாங்க? சீட்ட எடுத்துரலாமா?"

"அவங்கதான் எடுக்கணும். இப்ப தூங்குதாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் திரையில் தனியாக இருந்த அந்தப் பச்சைச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொள்ளாம்," என்றார்.